மூன்று நாற்காலிப் பள்ளிக்கூடம்

ஒரு நிறுவனம் இளைஞருக்குத் தொழில் கற்றுத்தருமா, தராதா என்பதை எதை வைத்து அளப்பது? அங்கே வேலை தெரிந்தவர் இருக்கிறாரா, அவர் பக்கத்தில் புதிதாக வருபவர் உட்கார முடியுமா என்று கேட்பதுதான் நம் ஊர் வழக்கம். தச்சுப் பட்டறையிலும் அச்சகத்திலும் லேத் பட்டறையிலும் பிள்ளைகளை அப்படித்தான் சேர்த்துவிட்டோம். ஒன்றிய அரசு கையில் எடுத்திருக்கும் அளவுகோல் வேறு. கடந்த மூன்றாண்டுகளில் சராசரியாக யார் அதிக சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பொறுப்புப் பணம் செலவழித்தார்கள் என்று பார்த்து, முன்வரிசை நிறுவனங்கள் 500-ஐப் பிரித்தெடுத்து, கற்றுத்தரும் பொறுப்பை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டது. 2024 ஜூலை பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 3 அன்று முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் உள்பயிற்சித் திட்டம் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

ஐந்தாண்டுகளில் ஒரு கோடிப் பேர் என்பது அறிவிப்பு. முதலாண்டு இலக்கு 1.25 லட்சம். தொடங்கியபோது வயது வரம்பு 21 முதல் 24 வரை. அப்போது பயிற்சி 12 மாதம். மாதம் 5,000 ரூபாய், அதில் 4,500 அரசு தந்தது, 500 நிறுவனம் தந்தது. தொகை போதாது என்று பலர் எழுதிவிட்டார்கள். என் கோபம் தொகையின் மேல் இல்லை. பெரிய இடத்தில்தான் தொழில் கற்க முடியும் என்று திட்டத்தின் வாசலிலேயே எழுதி வைத்திருக்கும் நம்பிக்கையின் மேல்.

நான் பி.ஆர். எனப்படும் மக்கள் தொடர்புத் தொழிலில் வளர்ந்தவன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறை, மூன்று நாற்காலி, ஒரு ஃபேக்ஸ் மிஷின். அவ்வளவுதான் எங்கள் ஏஜென்சி. க்ளையன்ட்கள் பெரும்பாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளும் ரோலிங் மில்களும். திருவள்ளூர் மாவட்டம் 1997-ல் பிறந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். எனக்குத் தெரிந்த தொழில் முழுவதையும் அந்த அறையில்தான் கற்றேன். அந்த அறை இன்று இருந்தால், இளைஞர் பயிற்சிக்கான எந்தத் திட்டத்தின் கண்ணிலும் அது படாது.

பத்தில் ஏழு பேர் ஏன் போகவில்லை?

முதல் சுற்றின் கணக்கு நாடாளுமன்றத்திலேயே வைக்கப்பட்டது. சுமார் 280 நிறுவனங்கள் 1.27 லட்சம் இடங்களை அறிவித்தன. சுமார் 82,000 அழைப்புகள் போயின. ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 28,000 பேர். கடைசியில் வேலையிடத்தில் போய் நின்றவர்கள் சுமார் 8,700 பேர்.

இந்த 8,700 என்ற எண்ணை நான் போகுமிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்வேன். 1.25 லட்சம் என்ற இலக்கில் அது நூற்றுக்கு ஏழு. அனுப்பிய அழைப்புகளில் நூற்றுக்குப் பதினொன்றுகூட இல்லை. என்னை உறங்கவிடாத கணக்கு மூன்றாவது. ‘சரி, வருகிறேன்’ என்று ஒப்புக்கொண்ட 28,000 பேரில் 8,700 பேர்தான் வந்தார்கள். பத்துக்கு ஏழு பேர், ஒப்புக்கொண்ட பிறகும் போகவில்லை. வேலையில்லை என்று குமுறும் ஒரு நாட்டின் 22 வயதுப் பிள்ளைகள் இவர்கள். பத்திரிகை வைத்த வீடுகளில் பத்துக்கு ஏழு பேர் கல்யாணத்துக்கு வரவில்லை என்றால், வராதவர்களை யாரும் திட்ட மாட்டார்கள். அழைத்த முறையில் எங்கே தவறினோம் என்றுதான் வீட்டார் உட்கார்ந்து யோசிப்பார்கள்.

யோசிக்க வேண்டிய இடம் தெளிவாகவே இருக்கிறது. தொலைவு ஒரு முக்கியக் காரணம் என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. ஆரம்பாக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். தமிழிலோ இதழியலிலோ பட்டம் வாங்கியிருக்கிறாள். வேறொரு மாவட்டத்துக்கோ வேறொரு மாநிலத்துக்கோ போய் மாதம் 5,000 ரூபாயில் ஓராண்டு இருக்கச் சொன்னால், விடுதி வாடகையே அந்தப் பணத்தைத் தின்றுவிடும். அதே பெண்ணுக்குப் பொன்னேரி நான்கு ஸ்டேஷன். எளாவூர், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, அடுத்து பொன்னேரி. அங்கே நல்ல சிறு ஏஜென்சி ஒன்று இருந்து, அதற்கு இந்த 4,500 ரூபாய் உதவி கிடைத்திருந்தால், அவள் காலையில் போய் மாலையில் வீடு திரும்பியிருப்பாள். வராத இருபதாயிரம் பேரில் பெரும்பாலோரை ஒரு சீசன் டிக்கெட் கொண்டுவந்து சேர்த்திருக்கும்.

500 நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் தருபவர்களிடமும் பயிலுநரை அனுப்பலாம் என்று திட்டத்தில் ஒரு வழி இருப்பதைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். பெரிய வீட்டுக்காரர் கை காட்டினால்தான் சின்ன வீட்டுக்காரர் வாத்தியார் ஆக முடியும் என்பதைத் தவிர அந்த வழிக்கு வேறு பொருள் இல்லை.

இந்தப் பாகுபாடு 2024-ல் தொடங்கியதும் அன்று. 1961-ம் ஆண்டு பயிலுநர் சட்டத்தின் விதிகளை 2019-ல் திருத்தினார்கள். அதன்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் பயிலுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் இருக்கும் இடங்கள் விரும்பினால் சேர்க்கலாம். ஒப்பந்தப் பணியாளர்களையும் கூட்டித்தான் இந்தக் கணக்கு. மூன்று பேர் இருக்கும் அலுவலகம் விரும்பினாலும் சேர்க்க முடியாது. கற்றுத்தருவதற்குத் தகுதியற்ற இடம் என்று சட்டம் அதன் நெற்றியில் எழுதிவிட்டது.

அறைக்குள் நடந்த பாடம்

அந்த மூன்று நாற்காலி அறையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

விடிவதற்குள் எல்லா நாளிதழ்களும் மேசையில் இருக்க வேண்டும். க்ளையன்ட் பெயர் வந்த செய்தியை மட்டும் வெட்டினால், ஏஜென்சியை நடத்திய சார் விடமாட்டார். அந்த வட்டாரத்தில் நடந்த ஒவ்வொன்றையும் வெட்ட வேண்டும். ஊத்துக்கோட்டையில் சாலை மறியல், மீஞ்சூரில் குடிநீர்ப் பிரச்சினை, பழவேற்காட்டில் மீன்பாடு குறைவு, ஆரணியாற்றில் வெள்ளம். “ஊர்ல என்ன வலின்னு தெரியாதவன் கம்பெனிக்கு என்னத்த எழுதுவான்?” என்பார். ஒன்பது மணிக்குள் ஃபேக்ஸ் போக வேண்டும். பத்து மணிக்கு ஆலை மேனேஜரிடமிருந்து போன் வரும். பிற்பகலுக்குள் பிரஸ் நோட் எழுதி முடிக்க வேண்டும். மாலையில் டெஸ்க்கில் பக்கம் கட்டுகிற நேரத்தில் எந்த நிருபரையும் கூப்பிடக் கூடாது. மாதக் கடைசியில் பில் போடுவதும் நான்தான். பணம் வராத பில்லுக்காகச் சிப்காட் வாசலில் காத்துக் கிடப்பதும் நான்தான்.

ஆறு மாதத்தில் எழுதினேன், பேசினேன், கணக்குப் பார்த்தேன், திட்டு வாங்கினேன். என்னோடு படித்த நண்பர் நகரத்தின் நடுவே ஒரு பெரிய ஏஜென்சியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: வந்த செய்திகளை ஸ்கேலால் அளந்து, அந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவு என்று பெருக்கிப் பட்டியல் போடுவது. விளம்பர மதிப்புக் கணக்கு என்று அதற்குப் பெயர். அந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று 2010-ல் பார்சிலோனாவில் கூடிய இத்துறையினரே கொள்கை வகுத்து அறிவித்துவிட்டார்கள். என் நண்பரின் இரண்டு ஆண்டுகளை அந்த அறிவிப்பு திருப்பித் தரவில்லை.

ஒரு நாளை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் க்ளையன்ட் ஆலை ஒன்றில் கிரேன் அறுந்து விழுந்து ஒருவர் இறந்துவிட்டார். மேனேஜர் போனில் நான்கு வரி சொன்னார். நான் டைப் செய்து சாரிடம் கொடுத்தேன். எதிர்பாராத விபத்தில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், நிர்வாகம் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது என்ற வழக்கமான வரிகள். சார் ஒரு முறை படித்தார்.

“பேரு எங்க தம்பி?”

“கம்பெனில குடுக்கல சார்.”

“பேரில்லாம செத்தவனப் பத்தி நான் நோட் அனுப்ப மாட்டேன். ரயிலப் புடி. பேரையும் ஊரையும் வாங்கிட்டு வா.”

கொருக்குப்பேட்டையில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். ஆலை வாசலில் யாரும் வாய் திறக்கவில்லை. தாலுகா நிருபர் ஒருவர்தான் தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, தகரக் கொட்டகை வரிசைக்குக் கூட்டிப்போனார். உள்ளே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒடிசாக்காரர்கள். இறந்தவரின் பெட்டியை மடியில் வைத்திருந்தவர்தான் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்றும் சொன்னார். இரவு திரும்பியபோது சார் அலுவலகத்திலேயே இருந்தார். பெயரும் ஊரும் சேர்ந்து, குடும்பத்துக்கு நிர்வாகம் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்விக்கு மேனேஜரிடம் போனில் வாங்கிய பதிலும் சேர்ந்து அந்தக் குறிப்பு போனது. அடுத்த மாதம் அந்த ஆலை எங்களை விட்டுப் போய்விட்டது. என் சம்பளம் இரண்டு வாரம் தாமதமாக வந்தது. அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தக் குறிப்பிலும் மனிதர் ஒருவர் பெயரில்லாமல் இறந்ததில்லை.

இருநூறு பேர் வேலை செய்யும் ஏஜென்சியில் இந்தப் பாடத்தை யார் நடத்தியிருப்பார்கள்? அங்கே குறிப்பு எழுதுகிறவர் ஒருவர், திருத்துகிறவர் ஒருவர், ஒப்புதல் தருகிறவர் வேறு நகரத்தில் இருக்கும் இன்னொருவர். ‘பேரு எங்க?’ என்று கேட்க வேண்டியது தன் பொறுப்பென்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றாது.

இத்தொழில் பிறந்ததே சின்ன அறையில்

மக்கள் தொடர்பின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. நியூயார்க்கில் ஜார்ஜ் பார்க்கர், ஐவி லீ என்ற இரண்டு முன்னாள் பத்திரிகையாளர்கள் நடத்திய சிறு நிறுவனத்திலிருந்துதான் 1906-ல் இத்தொழிலின் முதல் அறக்கொள்கை வெளியானது. எதையும் மறைக்க மாட்டோம், கேட்ட தகவலைத் தருவோம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து ரயில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதே ரயில்வே கம்பெனிகளின் அன்றைய வழக்கம். ஐவி லீ நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப்போக ஏற்பாடு செய்து, நடந்ததை எழுதிக் கொடுத்தார். இத்தொழிலின் முதல் செய்திக்குறிப்பாக இன்றும் பாடப் புத்தகங்கள் சொல்வது அதைத்தான். அதே ஐவி லீ பின்னாளில் ராக்ஃபெல்லர் என்ற பெரும் செல்வத்தின் நிழலுக்குப் போனார். 1914-ல் லட்லோ சுரங்கத் தொழிலாளர் படுகொலைக்குப் பின் முதலாளி தரப்புக்காக எழுதி, விஷச் செடியின் பெயரைப் பட்டமாகச் சுமந்தார். சின்ன அறையில் இருந்தவரை நேர்மையாக இருந்த கை, பெரிய வீட்டுக்குப் போனதும் வளைந்தது.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று அறியப்படுபவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-ல் எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு அந்தப் பணியைச் செய்தார். கையில் ஒரு கேமரா, தோளில் ஒரு பை, நிருபர்களிடம் நல்ல பெயர். வேறு மூலதனம் இல்லை. ஆயிரக்கணக்கான படங்களின் தகவல்களையும் புகைப்படங்களையும் ஒற்றை ஆளாகச் சேர்த்து வைத்தார். பெரிய ஸ்டூடியோக்கள் காப்பாற்றாத வரலாறு அவர் வீட்டில் இருந்தது. அந்தத் தொகுப்பைப் பிறகு தமிழ்நாடு அரசே வாங்கிக்கொண்டது. 2016-ல் அவர் மறைந்தபோது, தமிழ் சினிமாவின் நினைவே போய்விட்டது என்று திரைத்துறை கலங்கியது. இன்றைய விதிப்படி அவரிடம் ஒரு பயிலுநர்கூடச் சேர்ந்திருக்க முடியாது. பார்க்கரும் லீயும் இருவராக நின்றிருந்தால் அவர்களிடமும் சேர்ந்திருக்க முடியாது. அந்த நான்கு என்ற எண்ணை விதியில் எழுதியவர்கள் இத்தொழிலைப் பற்றி ஒரு பக்கமாவது படித்திருந்தால் அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

யார் பேசுகிறார்கள், எந்த மொழியில்?

இது ஒரு தொழில்காரரின் சொந்தக் குறை என்று கடந்துபோக முடியாதபடி, சென்னையைச் சுற்றி அடுத்தடுத்து சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

2023 டிசம்பர் 26. நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நெடியில் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஓடிய யாருக்கும் அது என்ன வாயு, எந்தத் திசையில் ஓட வேண்டும், ஈரத்துணியை மூக்கில் வைக்க வேண்டுமா என்று சொல்ல ஆளில்லை. பிறகு வந்த நிறுவன அறிக்கை, உள்ளூர் மக்களில் சிலர் அசௌகரியம் தெரிவித்ததாகவும் நிலைமை விரைவாகச் சீராக்கப்பட்டதாகவும் சொன்னது. அசௌகரியம்! அந்தச் சொல்லை எழுதிய கை, பெரியகுப்பத்துக்கு ஒரு முறையாவது வந்து ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்குமா? மூச்சு அடைத்து ஓடியவரிடம் போய் ‘உங்களுக்கு அசௌகரியமாக இருந்ததா?’ என்று முகத்துக்கு நேராகக் கேட்க முடியாத எவரும் அதை எழுதவும் கூடாது.

2021 டிசம்பர். பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கி, ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வேலைக்குப் போய்வந்த பெண்களுக்கு உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அறைத்தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்ட பெண்களுக்கு நம்பும்படியான பதில் வரவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். எவரும் இறக்கவில்லை என்று மாவட்ட நிர்வாகம் வந்து சொல்ல வேண்டியிருந்தது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஆப்பிளுக்குப் போன் செய்துதரும் ஆலை அது. அவர்களிடம் பி.ஆர். ஆட்களுக்குப் பஞ்சமா? அந்த இரவில் தேவைப்பட்டது விடுதி வாசலில் நின்று தமிழில் பேசி, நம்பவைக்கக்கூடிய ஒருவர். அந்த ஒருவர் இல்லை.

அதற்கும் முன்பு, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் தேர்வாய் கண்டிகை. மேய்ச்சல் நிலத்தில் சிப்காட் வந்தது. மிஷ்லின் டயர் ஆலை வந்தது. கிராமத்தாரின் முறையீடு 2012-ல் ஓ.இ.சி.டி. நெறிமுறைகளுக்கான பிரான்சின் தேசியத் தொடர்பு மையத்தைத் தேடிப் பாரிஸ் வரை போனது. அங்கே யார் சொன்னது எடுபட்டது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆலை வாசலில் கேட்க வேண்டிய கேள்வி ஏழு கடல் தாண்டிப் போனது ஏன்? வாசலில் காது கொடுக்க ஆளில்லாததால்தான்.

சட்டமும் இங்கே மக்களுக்கு உதவுவதில்லை. 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பொதுமக்கள் கருத்துக்கேட்பைக் கட்டாயமாக்குகிறது. கூடவே, முறையாக அனுமதி பெற்ற தொழிற்பேட்டைகளுக்குள் வரும் ஆலைகளுக்கு அதிலிருந்து விலக்கும் தருகிறது. சிப்காட் வேலிக்குள் வந்துவிட்டால், பக்கத்து ஊர்க்காரர் மைக் பிடித்துக் கேட்கும் அந்த ஒரு நாளும் இல்லாமல் போகலாம். 2020-ல் புதிய வரைவை வெளியிட்டபோது, அதை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடும்படி டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட வேண்டி வந்தது. மக்களின் மூச்சைப் பற்றிய விதியை மக்கள் மொழியில் சொல்லக்கூட நீதிமன்றம் தேவைப்படுகிறது. இப்படிப்பட்ட இடத்தில், ஊரையும் ஆலையையும் அறிந்த உள்ளூர் பி.ஆர். ஏஜென்சி ஒன்று குடிநீர்க் குழாயைப் போல அடிப்படை வசதி. கும்மிடிப்பூண்டியின் குரலை எங்கோ ஒரு நகரத்தின் பதினைந்தாவது மாடியில் ஆங்கிலத்தில் எழுதி, பின்பு அரைகுறையாகத் தமிழாக்கி அனுப்பும் வழக்கம் இருக்கும்வரை, ‘அசௌகரியம்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும்.

மறுப்பவர்களுக்கு

பி.ஆர். என்பதே பொய்யைப் பூசி மெழுகும் தொழில், அதற்கு எதற்குப் பயிற்சி என்பார்கள் சிலர். கெட்ட வைத்தியர் இருப்பதால் மருத்துவக் கல்லூரியை மூடுவதில்லை. இவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை.

சின்ன ஏஜென்சிகள் பிள்ளைகளைச் சுரண்டுகின்றன; பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை என்பது இன்னொரு வாதம். பி.எஃப். சட்டம் 20 பேரிலும் இ.எஸ்.ஐ. 10 பேரிலும்தான் தொடங்குகின்றன. வரம்பை அந்த உயரத்தில் வைத்தது சின்ன ஏஜென்சி இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளருக்கும் பணி நியமனக் கடிதம் தரச் சொல்கின்றன. மூன்று பேர் இருக்கும் இடத்திலும் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். சம்பளம் தாமதமாவதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி என்று 2006-ம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டம் சொல்கிறது. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் இதைத் தாங்கிப் பிடிக்கிறது. தாமதித்த பணத்தை அது தரப்படும்வரை செலவாகக் காட்ட முடியாது. இருந்தும், மூன்று பேர் ஏஜென்சியின் முதலாளி ஒரு பெரிய ஆலையிடம் போய் மும்மடங்கு வட்டி கேட்டால் அடுத்த மாத ரீடெய்னர் கட்டணம் இருக்காது. பெரியவர்கள் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சின்ன அறையில் சம்பளம் தள்ளிப்போகிறது. சுரண்டல் எங்கே தொடங்குகிறது என்று இப்போது சொல்லுங்கள்.

மூன்றாவது வாதம் பெற்றோருடையது. அதற்குத்தான் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனி என்றால் பாதுகாப்பு என்கிறார்கள். 2025 நவம்பரில் ஓம்னிகாம் என்ற விளம்பர, மக்கள் தொடர்புப் பெருங்குழுமம் இன்டர்பப்ளிக் என்ற இன்னொரு பெருங்குழுமத்தை விழுங்கி முடித்தது. ஃபிளெய்ஷ்மன்ஹில்லர்ட், கெட்சம், வெபர் ஷாண்ட்விக் முதலிய உலகப் புகழ்பெற்ற பி.ஆர். ஏஜென்சிகள் ஒரே கூரையின் கீழ் வந்தன. வந்த சில நாட்களிலேயே சுமார் 4,000 வேலைகள் போகும் என்ற அறிவிப்பும் வந்தது. அந்த நாலாயிரம் பேரில் ஒருவர் முகத்தையாவது முடிவெடுத்தவர் பார்த்திருப்பாரா? எங்கள் சார் ஒருவரை அனுப்ப வேண்டி வந்தபோது, மூன்று மாதம் முன்னதாகச் சொல்லி, அவரே நான்கு இடங்களுக்குப் போன் செய்து வேறு வேலை வாங்கிக் கொடுத்த பிறகுதான் அனுப்பினார்.

வளர வேண்டுமானால்

சின்ன ஏஜென்சிகளும் மாற வேண்டும். புதிதாக வருபவருக்கு முதல் நாளே கடிதம் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்காரவைத்து, என்ன கற்றாய், அடுத்து என்ன கற்க வேண்டும் என்று பேசுங்கள். க்ளையன்ட் முன்னால் அவரைப் பேசவிடுங்கள். தவறினால் பிறகு தனியே திருத்துங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆறிலும் போய்ப் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு முடிவில், எந்த வகுப்பறையும் தர முடியாத படிப்பு அவர் கையில் இருக்கும்.

அரசிடம் நான் கேட்பவை மூன்று. உள்பயிற்சித் திட்டத்தில் 500 என்ற வேலியை எடுத்துவிட்டு, உதயம் பதிவு பெற்ற சிறு சேவை நிறுவனங்களைச் சேர்க்க வேண்டும். சிப்காட் தன் தொழிற்பேட்டைகளில் இடம் கொடுக்கும்போது, ஊர் மக்களோடு தமிழில் பேசும் பொறுப்பை அந்த வட்டாரத்தின் சிறு ஏஜென்சி ஒன்றிடம் ஒவ்வொரு ஆலையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒதுக்கீட்டு நிபந்தனையிலேயே எழுத வேண்டும். மூன்றாவது, பயிலுநர் விதியைத் திருத்த வேண்டும்.

கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் திருவள்ளூருக்கும் இடையே இப்படிப் பத்து ஏஜென்சிகள் இருந்திருந்தால், 2023 டிசம்பர் இரவில் பெரியகுப்பம் திசை தெரியாமல் ஓடியிருக்காது. 2021 டிசம்பரில் அந்தப் பெண்கள் நெடுஞ்சாலைக்கு வந்திருக்க மாட்டார்கள். தேர்வாய் கண்டிகையின் மனு பாரிஸ் போயிருக்காது. மிகையாகச் சொல்கிறேன் என்பவர்கள், ஆரம்பாக்கத்திலிருந்து பொன்னேரிக்கு ஒரு நாள் ரயிலில் வந்து, வழியில் ஏறும் பட்டதாரிப் பிள்ளைகளிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுப் பார்க்கட்டும். இந்த ஊர்களின் பேரும் வலியும் தெரிந்த அவர்களில் யாருக்கும் அவற்றை எழுதும் வேலை கொடுக்கப்படவில்லை.

மூன்றாவது கோரிக்கைக்குப் பெரிய செலவும் இல்லை, புதிய சட்டமும் வேண்டாம். பயிலுநர் விதியில் ‘நான்கு’ என்று இருக்கும் எண்ணை ‘ஒன்று’ என்று திருத்தி அரசிதழில் வெளியிட்டால் போதும். நான்காவது நாற்காலி தானாக வந்து சேரும்.